கொடி ஏற்றுமுன் விதியை எழுதிவையுங்கள்

திருகோணமலையில் திமிங்கிலம் பார்க்கப் படகு விடும் சம்மாட்டி ஒருவர், ஒரு பொய்யும் சொல்லாமல், எதைச் சோதித்து எதை அறிவிப்பது என்பதை மட்டும் திட்டமிட்டுக் கூடுதல் பயணிகளைப் பெற முடியுமா? முடியும் என்பதைப் பொருளியலாளர்களான எமிர் கமெனிக்காவும் மாத்யூ ஜென்ட்ஸ்கோவும் 2011 இல் ‘அமெரிக்கன் எக்கனாமிக் ரிவியூ’ இதழில் எழுதிய கட்டுரையிலிருந்து அறியலாம்.

முதலில் பயணியின் மனக்கணக்கை அறியுங்கள். பத்துக் காலைகளில் மூன்றில்தான் திமிங்கிலம் தென்படும் என்பது இரு தரப்புக்கும் தெரியும் என்றும், பாதிக்குப் பாதி வாய்ப்பாவது இருந்தால்தான் பயணி படகேறுவார் என்றும் வைத்துக்கொள்வோம். ஒன்றும் சொல்லாவிட்டால் ஒருவரும் வரமாட்டார். உள்ளதை உள்ளபடி சொன்னால் மூன்று நாள் படகு ஓடும். (வாய்ப்பு முன்பே பாதியைத் தாண்டியிருந்தால் வாய் திறக்கவே தேவையில்லை.)

அடுத்து, சோதனையை வேண்டுமென்றே சற்றுத் தளர்த்துங்கள். விடியலில் கோணேசர் கோயில் குன்றில் நிற்பவர், திமிங்கிலத்தின் மூச்சு நீர்த்தூவலாய் எழுவதைக் கண்டாலும், கடற்பறவைகள் கூட்டமாய் வட்டமிடுவதைக் கண்டாலும், உப்புவெளிக் கரையில் பச்சைக் கொடி ஏறட்டும். திமிங்கிலம் உள்ள மூன்று நாளும் கொடி ஏறும். இல்லாத ஏழில் மூன்று நாள் பறவைகளை நம்பி ஏறும். கொடி ஏறிய ஆறு நாள்களில் மூன்றில் திமிங்கிலம் உண்டு என்பதால், கணக்குத் தெரிந்த பயணியும் ஏறுவார். படகு ஆறு நாள் ஓடும். கொடி ஏறாத நான்கு நாள்களிலோ திமிங்கிலம் அறவே இல்லை. கெட்ட செய்தியைச் சொல்லும்போது மிச்சம் வைக்காமல் சொல்வதே இந்த உத்தியின் நுட்பம். இதில் பயணிக்குக் கூடுதல் இலாபம் எதுவும் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இறுதியாக, விதியைச் சீசன் தொடங்குமுன்பே பலகையில் எழுதி, பயணிகளின் எண்ணிக்கைக்கேற்பக் கூலி பெறாத ஒருவரிடம் கொடியை ஒப்படையுங்கள். ஆசைப்பட்டு ஏழாம் நாளும் கொடி ஏற்றினால் வாய்ப்பு ஏழில் மூன்றாகக் குறையும். அது தெரிந்த பயணி பிறகு எந்தக் கொடிக்கும் வரமாட்டார்.

இவ்வாறு முன்கூட்டியே கையைக் கட்டிக்கொள்ள இயலாதவர்கள், தென்பட்டவற்றைக் குறித்த கொப்பியை முழுதாகக் காட்டுவதே மேல். சரிபார்க்கக்கூடிய தகவலை மறைத்தால் கேட்பவர் மோசமானதையே ஊகிப்பார் என்று பொருளியலாளர்களான கிராஸ்மனும் மில்க்ரோமும் 1981 இல் தனித்தனியே காட்டினர். கொப்பியில் ஒரு பக்கம் கிழிந்திருந்தால், அன்று கடல் வெறுமையாகக் கிடந்தது என்றே பயணி முடிவுகட்டுவார்.