தடவலையும் அடியையும் பிரித்தறியும் தலையணை: செய்முறை

உணர்ச்சிக்கு ஏற்ப இயங்கும் கருவி என்றதும் பலர் முதலில் கேமராவைத் தேடுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு; கோபத்தை அடக்கிக்கொண்டு சிரிப்பவர்கள் எத்தனை பேர்! கை அவ்வளவு எளிதில் நடிக்காது. எனவே தொடுதலிலிருந்து தொடங்குவோம்.

முடி முளைக்கும் தோலில், மென்மையான வருடலுக்கென்றே சில நரம்பிழைகள் உண்டு. வினாடிக்கு 1 முதல் 10 செ.மீ. வேகத்தில் வருடும்போதுதான் அவை அதிகமாகத் தூண்டப்படுகின்றன. குழந்தையின் முதுகைத் தடவும் கை, யாரும் சொல்லித் தராமலே ஏறக்குறைய இந்த வேகத்துக்கு வந்துவிடுகிறது. நம் கருவி முழுவதும் இந்த ஒரு கணக்கில்தான் நிற்கிறது.

தேவையானவை: இஎஸ்பி32 பலகை (நிரல் எழுதி இயக்கக்கூடிய சிறு மின்னணுப் பலகை), செப்பு நாடா, நாணய வடிவ அதிர்வு மோட்டார், 2என்2222 டிரான்சிஸ்டர் (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் உறுப்பு), 1 கிலோ ஓம் மின்தடை, ஒரு டயோடு (மின்னோட்டத்தை ஒரே திசையில் விடும் உறுப்பு), மெல்லிய உறையுள்ள சிறு தலையணை. செப்புக்குப் பதில் அலுமினியத் தாள் வேண்டாம். அதில் ஈயப்பற்று நிற்காது.

படி 1. உறையின் உட்புறம் இரண்டு செப்புப் பட்டைகளை 6 செ.மீ. இடைவெளியில் ஒட்டுங்கள். ஒன்றைப் பலகையின் 4ஆம் முனையிலும் மற்றதை 27ஆம் முனையிலும் இணையுங்கள். இந்தப் பலகையின் முதல் வகையில் இரண்டும் தொடுதலை உணரும் முனைகள்.

படி 2. தொடுதலை அளவிடும் 'டச்ரீட்' கட்டளை தரும் எண்ணைக் கவனியுங்கள். இந்தப் பலகையின் முதல் வகையில், கை பட்டால் எண் குறையும். எஸ்3 வகையில் கூடும். பலகை இயங்கத் தொடங்கியதும் 50 அளவீடுகள் எடுத்துச் சராசரியை அடிப்படையாக வைத்துக்கொண்டு, அதிலிருந்து எவ்வளவு விலகினால் தொடுதல் என்று சோதித்து முடிவுசெய்யுங்கள். கணினியில் சரியாக வேலை செய்தது பேட்டரிக்கு மாறியதும் தடுமாறலாம். தரை இணைப்பு மாறுவதே காரணம். அங்கே மறுபடி அளவிடுங்கள்.

படி 3. இதுதான் உயிர்நாடி. முதல் பட்டை தொடப்பட்ட நேரத்துக்கும் இரண்டாவது தொடப்பட்ட நேரத்துக்கும் உள்ள இடைவெளியைக் கணக்கிடுங்கள். 6 செ.மீ. தூரத்தை மேலே சொன்ன வேகத்தில் கடக்க 0.6 முதல் 6 வினாடி ஆகும். இடைவெளி அதற்குள் இருந்தால் தடவல். இரண்டும் ஒரே நேரத்தில் தொடப்பட்டு உடனே விலகினால் அடி; விலகாமல் நீடித்தால் அணைப்பு. தலையணைக்கு உங்கள் மனம் தெரியாது, கையின் வேகம் மட்டுமே தெரியும். விற்பனை விளம்பரங்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை.

படி 4. மோட்டாரை நேரடியாக முனையில் இணைக்காதீர்கள். அது இழுக்கும் மின்னோட்டத்தை முனை தாங்காது. மின்தடை வழியாக டிரான்சிஸ்டரை இயக்கி, மோட்டாருக்குக் குறுக்கே டயோடு வையுங்கள். இதயத் துடிப்புபோல் தோன்ற, 100 மில்லிவினாடி அதிர்வு, 150 ஓய்வு, மீண்டும் 100 அதிர்வு, 650 ஓய்வு: நிமிடத்துக்கு 60 துடிப்பு. தடவத் தடவக் கடைசி ஓய்வைச் சிறிது சிறிதாக நீட்டுங்கள். அடி விழுந்தால் அதிர்வு சட்டென்று நிற்கட்டும். அலறல் ஒலி சேர்த்தால் இன்னும் அடிக்கத்தான் தோன்றும்.

என் முதல் முயற்சியில், தடவி முடிந்த பிறகே அதிர்வு வந்தது. இரண்டு வினாடி மௌனத்தில் தலையணை செத்துக்கிடப்பதுபோல் இருந்தது. இப்போது முதல் பட்டையில் கை பட்டதுமே மெல்லிய அதிர்வு தொடங்கிவிடுகிறது. அது தடவலா இல்லையா என்ற முடிவு பிறகு வந்தால் போதும்.

படி 5. எதுவும் சொல்லாமல் யாரிடமாவது கொடுத்துப் பாருங்கள். நான் கொடுத்தவர் தடவவே இல்லை. மடியில் கிடத்தி, குழந்தையைத் தூங்கவைப்பதுபோல் தட்டிக்கொடுத்தார். தலையணை ஒவ்வொரு தட்டலையும் அடி என்று எண்ணி அடங்கிப்போனது. அன்றிரவே ஒரு விதியைச் சேர்த்தேன்: அடுத்தடுத்த மூன்று தட்டல்கள் ஏறக்குறைய ஒரே இடைவெளியில் வந்தால், அது தாலாட்டு.