கிற்றாரில ஏறின இரணைமடு

கிளிநொச்சியில கோயில் சுவருக்குப் படம் கீறுற அண்ணை ஒருத்தரிட்ட என்ர எலெக்ட்ரிக் கிற்றாரின்ர உடலைக் கழட்டிக் குடுத்தன். இரணைமடுக் குளம், கரையில ரெண்டு பனை, பின்னேரச் செம்மஞ்சள். அந்தமாதிரிக் கீறித் தந்தார். மூண்டாம் கிழமை, முழங்கை படுற இடத்தில பனையோலை நகத்தோட உரிஞ்சு வந்திட்டுது.

பிழை என்னிலதான். கண்ணாடி மாதிரி வழுக்குற பழைய பொலியெஸ்டர் பூச்சைத் தேய்க்காமலே குடுத்திட்டன். "தம்பி, சுவர் எண்டா பெயிண்டைக் குடிக்கும். இது குடிக்காது" எண்டார் அண்ணை.

எல்லாத்தையும் வழிச்செடுத்து, 400 சாண்ட் பேப்பரால மினுக்கம் போகும்வரை தேய்ச்சன். பிறகு பிரைமர். அண்ணை திரும்பவும் அக்ரிலிக்கில கீறினார். இந்த முறை பனை மூண்டு. நல்லாக் காயவிட்டு, வாகனத்துக்கு அடிக்கிற டூ-கே கிளியரை (ஹார்ட்னர் கலந்து அடிக்கிற நிறமில்லாத மேல்பூச்சு) கராஜில அடிப்பிச்சன். அதின்ர புகை நெஞ்சுக்குக் கூடாது, வீட்டில அடிக்கப் போகாதேங்கோ.

கிற்றாரின்ர கழுத்து உடலோட பொருந்துற பள்ளத்துக்கு, பெயிண்ட் படாமல் மாஸ்கிங் டேப் ஒட்டினதும் இந்த முறைதான். முதல் தரம் அங்கயும் பெயிண்ட் ஏறி, கழுத்தைப் பலவந்தமா இருத்தப்போய் ஓரத்தில மரம் மயிரளவு வெடிச்சது. வெடிப்பு இப்பவும் தெரியுது. கேக்கிறவைக்குப் பனைவேர் எண்டு சொல்லிச் சமாளிக்கிறன்.