விரல் பறக்கிறது, சத்தம் ஏன் கொசு ரீங்காரம்?

எலெக்ட்ரிக் கிட்டாரைத் தனியறையில் வாசிக்கும்போது, ஆம்ப் என்ற ஒலிபெருக்கிப் பெட்டியில் மிட் (நடுத்தர ஒலி) குமிழை 2-க்கு இறக்கினால் மெட்டல் இசை கம்பீரமாகத்தான் கேட்கும். டிரம்ஸும் பேஸும் சேர்ந்ததும் கிட்டாரைக் காணோம்! அதன் குரலே மிட்டில்தான், 6-க்கு ஏற்றுங்கள். ஒலியைக் கரகரப்பாக்கும் கெயினைப் பாதியாக்குங்கள், கூடினால் பிக் (மீட்டும் வில்லை) அடியின் கூர்மை மழுங்கி, கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) கூழாகும்.

ஆம்ப் தரையில் இருந்தால் உங்கள் முழங்காலுக்குத்தான் வாசிக்கிறீர்கள். ட்ரெபிள் (கீச்சு ஒலி) ஸ்பீக்கருக்கு நேரெதிரே பாயும். மேலே நிற்பவர் மந்தமென்று கூட்டுவார், முன்வரிசை காதைப் பொத்தும். நாற்காலியில் ஏற்றி, எதிரே நின்று திருத்துங்கள்.

கம்பியைக் கடைசி ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகப் பட்டி) அழுத்தி, பிரிட்ஜ் பிக்கப்புக்கும் (கம்பி கட்டிய முனையருகே அதிர்வைப் பிடிக்கும் காந்தக் கருவி) கம்பிக்கும் சுமார் 2 மி.மீ. இடைவெளி விடுங்கள். நெருங்கினால் காந்தம் கம்பியை இழுக்கும்.

புதுச்சேரி உப்புக்காற்றில் கம்பி சீக்கிரம் துருவேறும். வாசித்ததும் துணியைக் கம்பிக்கு அடியிலும் நுழைத்துத் துடையுங்கள். சொரசொரத்தால் மாற்றிவிடுங்கள்; ஒலியை மாற்றும் புது பெடல் அப்புறம்.