மேக்னா கார்ட்டா: திரும்பத் திரும்பச் செய்யப்படும் தவறுகள்

இங்கிலாந்து மன்னன் ஜான் 1215-இல் தன்னை எதிர்த்த பிரபுக்களுக்குத் தந்த உரிமைச் சாசனம்தான் மேக்னா கார்ட்டா. "ஜான் மன்னன் மேக்னா கார்ட்டாவில் கையெழுத்துப் போட்டான்" என்று இன்னமும் எழுதுகிறார்கள். அவன் கையெழுத்துப் போடவில்லை. அரச முத்திரையை மெழுகில் பதித்துச் சாசனத்தோடு தொங்கவிடுவதுதான் அன்றைய வழக்கம். இது சின்னத் தவறு, திருத்திவிடலாம்.

அதுவரை மன்னன் வைத்ததே சட்டம் என்று எழுதுவது அதைவிடப் பெரிய தவறு. முடிசூடும்போதே மன்னன் சத்தியம் செய்து கொடுத்தான். 1100-இல் முதலாம் ஹென்றி, திருச்சபையையும் பிரபுக்களையும் இனிக் கசக்கிப் பிழிய மாட்டேன் என்று சாசனமே எழுதித் தந்திருக்கிறான். ஜானை எதிர்த்த பிரபுக்கள் அந்தப் பழைய சாசனத்தைத்தான் முன்னே வைத்தார்கள்.

அப்புறம், "எல்லா மக்களுக்கும் உரிமை" தந்தது என்ற பேச்சு. 39-ஆம் பிரிவை நிதானமாகப் படியுங்கள். சட்டப்படியன்றிச் சிறைப்பிடிக்கக் கூடாது என்று அது காப்பது "சுதந்திர மனிதனை" மட்டுமே. பிரபுவின் நிலத்தோடு கட்டுண்டு கிடந்த ஏராளமான குடியானவர்கள் அதில் வரமாட்டார்கள். ஆனால் அடுத்த பிரிவில் அந்தச் சொல் இல்லை. "யாருக்கும் நீதியை விற்க மாட்டோம், மறுக்க மாட்டோம், தாமதிக்க மாட்டோம்" என்கிறது. எத்தனை முறை படித்தாலும் அந்த "யாருக்கும்" என்ற இடத்தில் நான் நின்றுவிடுகிறேன்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, 1215 ஜூன் 15-இல் ரன்னிமீட் புல்வெளியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைப்பது. அந்தச் சாசனம் பத்தே வாரம்தான் தாக்குப்பிடித்தது. 1213-இல் ஜான் தன் நாட்டையே போப்பாண்டவருக்குக் கொடுத்து, அதைத் திரும்ப மானியமாகப் பெற்றிருந்தான். ஆகவே மேலதிகாரம் போப்பிடம் இருந்தது. அன்றைய போப் மூன்றாம் இன்னசென்ட் ஆகஸ்ட் 24-இல் சாசனம் செல்லாது என்று அறிவித்தார். உள்நாட்டுப் போர் மூண்டது. 1216 அக்டோபரில் ஜான் இறந்தபோது, மகன் மூன்றாம் ஹென்றிக்கு ஒன்பது வயது. சிறுவனுக்காக ஆட்சி நடத்திய வில்லியம் மார்ஷல், பிரபுக்களைத் தம் பக்கம் இழுக்க அடுத்த மாதமே சாசனத்தை மறுபடி வெளியிட்டார். போப்பின் தூதரும் அதில் முத்திரை வைத்தார். மன்னன் வாக்குத் தவறினால் அவன் கோட்டைகளையும் நிலங்களையும் 25 பிரபுக்கள் கைப்பற்றலாம் என்ற 61-ஆம் பிரிவோ சத்தமில்லாமல் காணாமல் போயிருந்தது.

சட்டமாக நிலைத்தது 1225-இல் வந்த வடிவம். அசையும் சொத்தில் பதினைந்தில் ஒரு பங்கை வரியாக வாங்கிக்கொண்டு மூன்றாம் ஹென்றி அதைத் தந்தான். 1297-இல் சட்டப் பதிவேட்டில் ஏறியதும் அதுவே. அதில் பழைய 39, 40 இரண்டும் சேர்ந்து 29-ஆம் பிரிவு ஆகிவிட்டன. எனவே மேற்கோள் காட்டும்போது பிரிவு எண்ணோடு ஆண்டையும் சேர்த்தே எழுதுங்கள்.