அட்டஸ்டேஷன் படிவத்தில் கடனையும் வழக்கையும் எழுதும் முறை

மத்திய அரசுப் பணிக்கோ துணை ராணுவப் படைக்கோ தேர்வானவர் நிரப்பித் தர வேண்டியவற்றுள் முக்கியமானது, தன் முகவரி, வழக்கு முதலிய விவரங்களைத் தானே எழுதி உறுதியளிக்கும் அட்டஸ்டேஷன் படிவம். வேலூரை அடுத்த கம்மவான்பேட்டையைப் போல ராணுவத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிப் பழகிய ஊர்களில் இப்படிவத்தை அறியாதவர் குறைவு. ஆனால் அதன் தலைப்பகுதியில் அச்சாகியிருக்கும் எச்சரிக்கையைப் படித்த பிறகு பேனாவை எடுப்பவர் அதைவிடக் குறைவு. பொய்யான தகவல் தருவதும் உண்மையை மறைப்பதும் தகுதியிழப்பு என்றும், பணியில் சேர்ந்த பின் தெரியவந்தாலும் வேலை போகலாம் என்றும் அது கூறுகிறது.

முகவரியில் தொடங்குங்கள். கடந்த 5 ஆண்டுகளில் ஓராண்டுக்கு மேல் தங்கிய எல்லா இடங்களையும் எழுத வேண்டும். சென்னையில் விடுதியில் தங்கியதும் இதில் சேரும். 2019-ல் வேலூர் பிரிக்கப்பட்டதால் ஆற்காடு, வாலாஜா பக்கத்தவர் ராணிப்பேட்டை என்றும், ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்தவர் திருப்பத்தூர் என்றும் எழுதி, பழைய சான்றிதழ்களில் வேலூர் என்று இருப்பதை அருகில் குறிப்பிடுவது நல்லது. (வீட்டுப் பெரியவர்கள் இன்னமும் வட ஆற்காடு என்றுதான் சொல்வார்கள், அதை எழுதிவிட வேண்டாம்.)

படிவம் உங்கள் கடன் தொகையைக் கேட்பதில்லை. எனினும் கடன் வேறு வழியாக உள்ளே வருகிறது. சீட்டுக்கோ கைமாற்றுக்கோ ஈடாகக் கையெழுத்திட்டுக் கொடுத்த வெற்றுக் காசோலை வங்கியிலிருந்து திரும்பினால், அது மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆம் பிரிவின்படி குற்றவழக்காகலாம். தண்டனை 2 ஆண்டு வரை சிறையாகவோ, காசோலைத் தொகையின் இருமடங்கு வரை அபராதமாகவோ, இரண்டுமாகவோ இருக்கலாம். காசோலை திரும்பிய தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் கடன் கொடுத்தவர் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது உங்கள் கைக்கு வந்த 15 நாட்களுக்குள் பணத்தைக் கட்டிவிட்டால் வழக்குக்கே இடமில்லை. ஆகவே நோட்டீஸ் வரும் தபாலை வாங்காமல் திருப்பி அனுப்புவது, நம்மூரில் பலர் எண்ணுவதுபோல், தப்பிக்கும் வழியன்று.

வழக்கு ஏற்கெனவே நடந்திருந்தால், சமரசமாக முடிந்திருந்தாலும், ‘எப்போதாவது வழக்குத் தொடரப்பட்டதா’ என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்றே எழுதி, வழக்கு எண், நீதிமன்றம், முடிவு ஆகியவற்றைத் தந்து, தீர்ப்பின் சான்றிட்ட நகலை இணையுங்கள். ஐயமிருந்தால் நீதிமன்ற வழக்குகளின் விவரம் தரும் இ-கோர்ட்ஸ் தளத்தில் மாவட்டத்தையும் ஆண்டையும் தேர்ந்து உங்கள் பெயரைத் தேடிப் பாருங்கள். தனிப்பிரிவுக் காவலர் உங்களைப் பற்றி விசாரிக்க வரும்போது அவர் கையில் காவல் நிலையப் பதிவேடு இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். 2016-ல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, இளவயதில் நடந்த சிறு குற்றத்தை மறைத்ததைக்கூட நியமன அதிகாரி சூழ்நிலை பார்த்து மன்னிக்கலாம் என்றது. உண்மையைச் சொன்னவரையும் நியமித்தே தீர வேண்டும் என்ற கட்டாயமில்லை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. இருந்தும் நான் ‘ஆம்’ என்று எழுதவே சொல்வேன், ஏனெனில் சொன்ன வழக்கை அதிகாரி அதன் தன்மையை வைத்து எடைபோடுவார். மறைத்த வழக்கிலோ மறைத்ததே தனிக் குற்றச்சாட்டாகிவிடும்.

வங்கி வேலைக்குச் செல்வோருக்கு நிலைமை இன்னும் கடுமை. அங்கே உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையே பார்க்கப்படுகிறது. ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும் முழு அறிக்கையை விண்ணப்பிக்கும் முன்பே எடுத்துப் பாருங்கள். பாக்கியில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்து முடித்த கடன் ‘செட்டில்டு’ என்றே பதிவாகும். முழுத்தொகை கட்டினால்தான் ‘குளோஸ்டு’ என்று மாறும். கட்டிய பின் வங்கியிடம் பாக்கியில்லாச் சான்று வாங்குங்கள். தவறான பதிவிருந்தால் புகார் செய்யுங்கள். 30 நாட்களுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

படிவத்தைக் கொடுத்த பிறகு புதிதாக வழக்கோ கைதோ நேர்ந்தால், அதையும் உடனே எழுத்துமூலம் அதே அலுவலகத்துக்குத் தெரிவித்து, ஒப்புகைச் சீட்டைப் படிவத்தின் நகலோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.