ஸ்பார்ஸ் அணி 88 எம்பிதான், 8 ஜிபி எங்கே போனது?

சதுரத் தகடு ஒன்றில் வெப்பம் பரவுவதைக் கணக்கிட, பைத்தானில் சைபை என்ற கணக்கீட்டு நூலகத்தை வைத்து ஒரு புரோகிராம் எழுதினேன். பக்கத்துக்கு 1000 புள்ளிகள், மொத்தம் 10 லட்சம். நடுவில் கிட்டத்தட்ட 20 லட்சம் முக்கோணங்கள். இதிலிருந்து வரும் சமன்பாடுகளை எண்களின் கட்டமான ஓர் அணியாக எழுதித் தீர்க்க வேண்டும். அதில் பெரும்பாலான இடங்கள் பூச்சியம், அதனால்தான் அது ஸ்பார்ஸ் அணி. 8 ஜிபி நினைவகம் உள்ள லேப்டாப்பில் ஓட்டிவிட்டு டீ போடப் போனேன். திரும்பி வந்தால் திரையில் ஒரே வார்த்தை: 'கில்டு'. நினைவகம் போதாமல் புரோகிராம் நிறுத்தப்பட்டிருந்தது.

அன்றிலிருந்து எதையும் ஓட்டுமுன் பேப்பரில் கணக்குப் போட்டுவிடுகிறேன். நீங்களும் போடுங்கள், இரண்டு நிமிடம்தான். பூச்சியங்களையும் சேர்த்து வைத்தால் இந்த அணிக்கு 8 டெராபைட் வேண்டும். பூச்சியங்களை விட்டுவிட்டு நிரை (கிடை வரிசை) வாரியாகச் சேமிப்பது சிஎஸ்ஆர் வடிவம். அதில் பூச்சியமல்லாத உறுப்பு ஒன்றுக்கு மதிப்பு 8 பைட், நிரல் (செங்குத்து வரிசை) எண் 4 பைட். கூடவே, எங்கே தொடங்குகிறது என்று குறித்துவைக்க நிரைக்கு 4 பைட். ஒரு புள்ளி தன்னையும் சேர்த்து 7 புள்ளிகளோடு தொடர்புகொள்கிறது. ஆக 70 லட்சம் உறுப்புகள், சுமார் 88 எம்பி.

சரி, 88 எம்பிக்கா லேப்டாப் விழுந்தது? இல்லை, விழுந்தது அணியைக் கட்டும் வழியிலும் தீர்க்கும் வழியிலும்.

முக்கோணம் ஒன்று, மூன்று முனைகளுக்கு 3 × 3 என 9 எண்களைத் தருகிறது, மொத்தம் 1.8 கோடி. நான் அவற்றைச் சாதாரண பைத்தான் லிஸ்ட்களில் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டிருந்தேன். லிஸ்டில் ஓர் எண் என்பது 8 பைட் சுட்டி, அது காட்டும் பொருளுக்கு இன்னும் குறைந்தது 24 பைட். நிரை, நிரல், மதிப்பு என மூன்று லிஸ்ட், அதிலேயே 1.7 ஜிபியாவது போய்விடும். இப்போது எண்களை நெருக்கமாக அடுக்கிவைக்கும் நம்பை நூலகத்தின் அரேக்களை முழு நீளத்துக்கு முன்பே ஒதுக்கிவிடுகிறேன். நிரை, நிரல் எண்களை 32 பிட்டாகவே வைக்கிறேன். 64 பிட்டில் விட்டால் 432 எம்பி, இப்படி 288 எம்பி. இதை சிஎஸ்ஆராக மாற்றும்போது, ஒரே இடத்தில் விழும் எண்கள் கூட்டப்படுவதற்கு முன் இன்னொரு 220 எம்பி வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் நினைவகத்தில் இருக்கும். அதுவும் இடிக்கிறது என்றால் முக்கோணங்களை 2 லட்சம் 2 லட்சமாகப் பிரித்துக் கட்டிக் கூட்டிக்கொள்ளுங்கள். சிஎஸ்ஆருக்குள் நேரடியாக ஒவ்வோர் உறுப்பாகச் செருக மட்டும் முயலாதீர்கள். புது இடத்தில் ஒன்று விழும்போதெல்லாம் உள்ளே இருப்பதை நகர்த்த வேண்டியிருக்கும்.

அடுத்தது தீர்வு. நேரடி முறையில், அதாவது அணியை முக்கோண வடிவ அணிகளின் பெருக்கலாகக் காரணிப்படுத்தினால், பூச்சியமாக இருந்த இடங்களெல்லாம் நிரம்பத் தொடங்கும். புள்ளிகளை வரிசையாக எண்ணிவிட்டு அப்படியே செய்தால் மூலைவிட்டத்தை ஒட்டி நிரம்பும் பட்டையின் அகலம் ஏறக்குறைய 1000. கீழ்முக்கோணக் காரணி மட்டுமே 10 லட்சம் × 1000 × 8 பைட், அதாவது 8 ஜிபி. என் லேப்டாப் மொத்தமும்! வரிசையை மாற்றி எண்ணினால் வெகுவாகக் குறையும். சைபையில் இயல்பாக வருவது கோலாம்டி என்ற வரிசைமாற்று முறை. சமச்சீர் அணிக்கென்று தனியாக ஒன்று இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுங்கள். என் அணி சமச்சீரானது, நேர்மறை வரையறுத்தது என்பதால் நான் காரணிப்படுத்தாமல் படிப்படியாக விடையை நெருங்கும் கான்ஜுகேட் கிரேடியன்ட் முறைக்கே போய்விட்டேன். அதற்கு 8 எம்பி வெக்டர்கள் நான்கைந்து போதும்.

பள்ளியில் நிரையையும் நிரலையும் குழப்பிக்கொண்டவன் நான். இங்கே அதற்கும் விலை உண்டு. மேட்லேப் என்ற கணக்கீட்டு மென்பொருள் ஸ்பார்ஸ் அணியை நிரல் வாரியாகச் சேமிக்கிறது, நிரலுக்கு 8 பைட். 1 நிரை, 100 கோடி நிரல் கொண்ட அணி காலியாக இருந்தாலும் 8 ஜிபி கேட்கும். 100 கோடி நிரை, 1 நிரல் என்று திருப்பிப் போட்டால் ஒன்றுமே இல்லை.

அணி எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று அளக்கும்போது, பொருளின் அளவைச் சொல்லும் பைத்தானின் கெட்சைஸ்ஆஃபை நம்பாதீர்கள். அது வெறும் கூட்டின் அளவைச் சொல்லும், சில பைட்டுகள்தான். உள்ளே இருக்கும் மூன்று அரேக்களின் பைட் அளவுகளைக் கூட்டிப் பாருங்கள். எனக்கு 87.9 எம்பி வந்தது, பேப்பரில் போட்டது போலவே.