அட்டெண்டர்களுக்கு ஒரு மணி நேரம்

கேன்சர் வார்டில் கவுன்சிலராக இருக்கிறேன். நோயாளியைப் பார்த்துக்கொள்ள வரும் குடும்பத்தாரை இங்கே 'அட்டெண்டர்' என்றுதான் சொல்வோம். பதற்றத்தில் தூக்கம் தொலைத்த அட்டெண்டர்களுக்குக் குழு சிகிச்சை தொடங்க நினைப்பவர்கள் முதலில் நேரத்தை முடிவு செய்யுங்கள். சாயங்காலம் வைத்தால் ஊருக்குப் பஸ் பிடிக்க ஓடிவிடுவார்கள். கீமோ டிரிப்ஸ் ஏறும் நேரம்தான் சரி. அதிலும் ஆரம்பத்தில் வேண்டாம். சில மருந்துகளுக்கு ஒவ்வாமை அப்போதே காட்டும், அட்டெண்டரும் கட்டிலை விட்டு நகரமாட்டார். போனை அணைக்கச் சொல்லாதீர்கள். வைப்ரேஷனில் மடியிலேயே இருக்கட்டும்.

6 முதல் 8 பேர் போதும். வாரம் ஒரு முறை, அதே அறை, அதே ஆட்கள். இங்கே பேசுவது வெளியே போகக்கூடாது என்பதை ஒவ்வொரு வாரமும் சொல்லுங்கள்.

"மனசு எப்படி இருக்கு?" என்று ஆரம்பித்தால் "பரவாயில்லைங்க" என்பதோடு முடிந்துவிடும். "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?" என்று கேளுங்கள். நோயாளிக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு மிச்சத்தை நின்றபடியே குடித்ததில் தொடங்கி, நகை அடகுக்குப் போனது, சொந்தக்காரர்களின் போனை எடுக்கவே பயமாக இருப்பது வரை தானாக வரும்.

நோயாளிகளைச் சேர்க்காதீர்கள். பல வீடுகளில் "கட்டின்னுதான்மா சொல்லி வச்சிருக்கோம்" என்பார்கள். கேன்சர் என்பதை நோயாளியிடம் மறைப்பதே ஒரு பெரிய பாரம். சொல்லுங்கள் என்றோ வேண்டாம் என்றோ நீங்கள் தீர்ப்பு சொல்ல வேண்டாம். ஏற்கெனவே வீட்டில் சொன்னவர் குழுவில் இருந்தால், எந்த வார்த்தையில் சொன்னார், அப்புறம் என்ன நடந்தது என்று கேளுங்கள். எங்கள் அறிவுரையைவிட அவர் பேச்சுக்குத்தான் மற்றவர்கள் காது கொடுப்பார்கள்.

முள்ளு சீத்தா, கோதுமைப்புல் சாறு என்று வைத்தியப் பேச்சு வந்தால் டாக்டரிடம் கேட்கச் சொல்லி நிறுத்துங்கள். "தைரியமா இருங்க" என்பதற்கும் எங்கள் குழுவில் தடை. அதைக் கேட்டவர் அதற்கு மேல் வாய் திறக்கமாட்டார்.

ஸ்கேன் ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் வாரம்தான் மோசம். அப்போது கவலைக்கென்று தினமும் 15 நிமிடம் ஒதுக்கி, வருவதையெல்லாம் எழுதச் சொல்லுங்கள். படுக்கப் போகும் நேரத்தில் மட்டும் வேண்டாம். நடுராத்திரி வரும் கவலையை நாளைய 15 நிமிடத்துக்குத் தள்ளிப் பழக வேண்டும். கூட்டம் முடியும்போது, 4 எண்ணி மூச்சை இழுத்து 6 எண்ணி விடும் பயிற்சி.

பதற்றத்தை அளக்கும் ஜிஏடி-7 என்ற 7 கேள்விப் படிவத்தை முதல் கூட்டத்திலும் கடைசிக் கூட்டத்திலும் நிரப்பச் சொல்லுங்கள். மொத்தம் 21 மதிப்பெண். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மனநல மருத்துவர் பார்க்கட்டும். வாழப் பிடிக்கவில்லை என்று யாராவது சொன்னால் அடுத்த வாரம்வரை விடாதீர்கள். அன்றே தனியாகப் பேசி மருத்துவரிடம் நீங்களே கூட்டிப் போங்கள். வீட்டில் வைத்துக்கொள்ள அரசின் மனநல உதவி அழைப்பு சேவையான டெலிமானஸின் எண் 14416-ஐக் கொடுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

இடையில் ஒருவருடைய நோயாளி இறந்துபோகலாம். அடுத்த கூட்டத்தில் முதல் பேச்சாக அதை நீங்களே சொல்லிவிடுங்கள், லிஃப்ட் வாசலில் தெரியவிடாதீர்கள். இறந்தவரின் அட்டெண்டர் வர விரும்பினால் அவரைத் தனியாகச் சந்தியுங்கள்.